மாவிலை இல்லாத கதவுகள்

என் வீட்டுக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார்.

தோ பாயோவில் ஏழாவது மாடி. லிஃப்ட் ஐந்தாவது மாடியில்தான் நிற்கும். மிச்சம் இரண்டு மாடி நம் முழங்கால் பாடு. ஆபீஸ் முடிந்து, தேக்காச் சந்தையில் இறங்கி முருங்கைக்காயும் கருவாடும் வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் நின்றபடியே வந்து, மூச்சு வாங்கப் படியேறி வராந்தாவுக்குள் நுழைகிறேன். முருங்கைக்காய்க் கட்டு அக்குளில். பார்த்தால் இந்த ஆள்.

எங்கள் புளோக்கின் கோடியில் மட்டும் இரண்டு கதவுகள் எதிரும் புதிருமாக இருக்கும். ஒன்று எங்களுடையது. மற்றது கமலாவுடையது. அவர் கமலா வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைக்கூட இல்லை, கதவுக்கு மேலே. பொங்கலுக்குக் கட்டிய மாவிலைத் தோரணம் ஆறேழு மாதம் காய்ந்து அப்பளமாகி இன்னும் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த சின்ன நோட்டில் என்னவோ குறித்தார்.

வராந்தாவில் நின்று குறிப்பெடுக்கிறவர் அந்தக் காலத்தில் ஒன்று இன்ஷூரன்ஸ்காரராக இருப்பார், இல்லாவிட்டால் கல்யாணத் தரகராக இருப்பார். கமலாவுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள்.

“யாரு வேணும்?” என்றேன். என் குரல் நல்ல நாளிலேயே கொஞ்சம் தூக்கல்தான்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லி உடம்பு, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. என்னைப் பார்த்தார். என் கதவில் ‘எ. பிரான்சிஸ்’ என்று ஆங்கிலத்தில் இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்தார். அதற்கு மேலிருந்த சிலுவையைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

“நீங்க தமிழாம்மா?”

“இந்த முருங்கைக்காயைப் பார்த்தா எப்படித் தெரியுது?”

அவர் சிரிக்கவில்லை. நோட்டைப் புரட்டி ஒரு வரியை விரலால் காட்டினார். எங்கள் வீட்டு எண். அதற்கு நேரே கொட்டை எழுத்தில் ‘யூரேஷியன்’, அதாவது வெள்ளைக்காரக் கலப்புக் குடும்பம், என்று எழுதியிருந்தது.

நாலு வருஷமாக மாதம் தவறாமல் இந்தக் கதவைத் தாண்டிப் போவதாகச் சொன்னார். குரல் இறங்கிப்போயிருந்தது. எனக்கோ சுருக்கென்று கோபம். நாகப்பட்டினத்துக் குடும்பம் எங்களுடையது. கருவாட்டுக் குழம்பு கொதித்தால் மூன்று மாடிக்கு மணக்கும். மூக்கு இல்லையா இந்த மனுஷனுக்கு?

மீட்டர் முத்தையா

தோ பாயோ வீட்டுக்குக் குடிபோன கதையைச் சென்ற வாரம் எழுதியதும், அந்த வீட்டுக்கு வந்துபோனவர்களில் மறக்க முடியாதவர் யார் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். என்ன செய்வது, அந்த வீட்டுக்குள் ஒரு தடவைகூட வந்து உட்காராத ஒருவரைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. உட்கார்ந்தால் பேச்சு வளரும், அடுத்த கதவுக்கு நேரமிருக்காது என்பார். கோப்பி கொடுத்தாலும் வாசலில் நின்றே குடிப்பார்.

பெயர் முத்தையா. மின்சார மீட்டர் படிக்கிற வேலை. எங்கள் புளோக்குகளில் மீட்டர்கள் வீட்டுக்கு வெளியே, வராந்தாப் பெட்டிக்குள் இருக்கும். ஆகவே அவர் எந்த வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை. பெட்டியைத் திறப்பார், எண்ணைக் குறிப்பார், போய்விடுவார். நாளெல்லாம் கதவுகளின் வெளிப்பக்கத்தையே பார்க்கிற பிழைப்பு.

அந்தப் பிழைப்பிலிருந்துதான் அவருடைய இன்னொரு வேலையும் வந்தது. தமிழ்ப் பிள்ளைகள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று அவர் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். சம்பளத்துக்கு இல்லை. எந்தச் சங்கமும் அனுப்பவில்லை. தானாக.

பெரிய பெரிய அடுக்குமாடிகள் வந்த பிறகு தமிழர்கள் ஆளுக்கொரு மூலையாகச் சிதறிப்போயிருந்தோம். ஒரு புளோக்குக்கு நாலு வீடு, ஐந்து வீடு. பக்கத்திலிருக்கும் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போனால், இரண்டாம் மொழியாகத் தமிழ் எடுக்க இங்கே ஆளில்லை, மலாய் எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். நாமும் தலையாட்டிவிட்டு வருவோம். ஒவ்வொரு தாயும் தகப்பனும் தனியாகப் போவதால், தமிழ்ப் பிள்ளை இந்த வட்டாரத்திலேயே தன்னுடையது ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை என்பதை யாராவது நடந்து பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. முத்தையா நடந்தார்.

அதில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. வேலை உடுப்பில் இருக்கும்போது தமிழ் வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். பகலில் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்வார். ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்குப் போய், குளித்து, வெள்ளைச் சட்டைக்கு மாறி, மறுபடியும் பஸ் பிடித்து வந்து கதவைத் தட்டுவார். கொடுத்த சட்டையில் சொந்தக் காரியம் பார்க்கக்கூடாதாம். சட்டை மாற்றிக்கொண்டு வருவதற்காகவே தினமும் இரண்டு பஸ்.

கதவைப் பார்த்தே ஆளைச் சொல்வது

நாங்கள் எல்லோருமே அப்போது கதவு படிக்கக் கற்றிருந்தோம். சிவப்புத் தகட்டுக்கு முன்னால் ஊதுவத்தி புகைந்தால் சீனர் வீடு. மேலே அரபு எழுத்தும் வாசலில் பூந்தொட்டி வரிசையும் இருந்தால் மலாய்க்காரர் வீடு. சிலுவை இருந்தால், பெயர் ஃபெர்னாண்டஸ், டிசில்வா என்றெல்லாம் இருந்தால், யூரேஷியன். மாவிலை இருந்தால் தமிழர். செருப்பை மட்டும் நம்ப முடியாது. அதை எல்லா இனத்தாரும் வெளியில்தான் விடுவார்கள்.

முத்தையாவின் முறையும் இதுதான். மாவிலையைப் பார்த்தால் ஒரு டிக். கோலத்தின் மிச்சம் தரையில் இருந்தால் ஒரு டிக். அந்த வருஷம் தேக்காவில் பிளாஸ்டிக் மாவிலை வந்தது அவருக்குப் பெரிய நிம்மதியாம். அது காய்ந்து விழாது பாருங்கள், வருஷம் முழுக்கத் தமிழரைக் காட்டிக்கொடுக்கும்.

தப்பு எங்கே என்று உங்களுக்கே இப்போது தெரிந்திருக்கும். மாவிலை கட்டாத தமிழன் உண்டு என்பது அவர் கண்ணில் படவேயில்லை. தெரியாத விஷயமில்லை. அவர் பீடி வாங்குவது பக்கத்து புளோக்கில் காதர் பாய் கடையில், மணிக்கணக்காக அரட்டை அடிப்பது தமிழில். ஆனால் கடைக்கு மேலே நாலாவது மாடியில் அரபு எழுத்து மாட்டிய கதவு காதர் பாய் வீட்டுக் கதவுதான் என்று அவருக்குத் தோன்றவில்லை. நோட்டில் அந்தக் கதவு ‘மலாய்’.

என் வாய்

வராந்தாவுக்கே வருகிறேன்.

அவர் விஷயத்தைச் சொன்னார். சந்தைக்குப் பின்னால் இருக்கும் பள்ளிக்கூடத்தின் பிரின்சிபல், ஒரு சீன அம்மாள், நல்ல மாதிரி. முதல் வகுப்பில் பதினைந்து தமிழ்ப் பிள்ளைகள் இருந்தால் தமிழ் ஆசிரியர் கேட்டு மேலே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாராம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பெற்றோர் கையெழுத்தோடு பட்டியல் வேண்டும். விட்டால் அந்த வருஷப் பிள்ளைகள் அத்தனை பேரும் மலாய்தான், பிறகு மாற்ற முடியாது. அவரிடம் ஒன்பது பெயர் இருந்தது.

என் மகள் ரோஸ்லினுக்கு ஆறு வயது. வரும் ஜனவரியில் அதே பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பு. மலாய் என்று சேர்க்கைப் பாரத்தில் நானே என் கையால் எழுதிக் கொடுத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

அடுத்து என்ன கேட்கப்போகிறார் என்று தெரிந்துபோயிற்று. கேட்பதற்கு முன்னாலேயே நான் ஆரம்பித்துவிட்டேன். தமிழ் படித்து நான் பட்டது போதும், என் பிள்ளை படவேண்டாம் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். கருவாட்டுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதரை நிற்க வைத்துப் பொரிந்து தள்ளியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். வகுப்பில் முதல் பிள்ளை. பேச்சுப் போட்டி என்றால் நான்தான். பதினெட்டு வயதில் சான்றிதழை மார்போடு அணைத்துக்கொண்டு முதல் வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். ஆபீசில் இருந்த வெள்ளைக்காரர் என்ன கேட்டாலும் யெஸ் சார் என்றேன். வேறு ஒன்றும் வரவில்லை. கல்யாணமாகிவிட்டதா என்பதற்கும் யெஸ் சார், வேலையைப் பாதியில் விட்டுவிடுவாயா என்பதற்கும் யெஸ் சார். பக்கத்தில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டோபி காட் வரை நடந்தே வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் மாலை வகுப்பில் ஆங்கிலமும் டைப்பிங்கும் படித்துத்தான் கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது.

அந்தச் சிரிப்பை என் மகள் கேட்கக்கூடாது. எனக்கு வேறு நியாயம் தெரியாது.

முத்தையா முழுக்கக் கேட்டார். தமிழின் பெருமையைப் பற்றி ஏதாவது ஆரம்பிப்பார், கதவைச் சாத்திவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் அதைத் தொடவே இல்லை. நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப, இந்த மாதிரி இன்னும் எத்தனை கதவை நான் விட்டுட்டேன்?” என்றார்.

என்னிடம் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டார். தப்புச் செய்துவிட்டோம் என்ற வருத்தத்தைவிட, அந்தத் தப்பு எவ்வளவு பெரியது என்று பார்த்துவிடும் ஆசைதான் அந்த முகத்தில் இருந்தது. இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. என் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

எங்கள் மாதா கோவிலில் மாதம் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை நடக்கும், இந்த வட்டாரத்திலிருந்து யார் யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும் என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்தான். வாய் சும்மா இருக்கிறதா?

எட்டுக் கதவுகள்

மறுநாளிலிருந்து நானும் அவரோடு நடந்தேன். என் கணவர் பிரான்சிஸ் துறைமுகத்தில் வேலை. ரோஸ்லினைப் பார்த்துக்கொள்ளச் சொன்னபோது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் தேடப் போகிறாயா என்று கேட்டார். போய்விட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

கூடப் போனதற்கு உண்மையான காரணம், அந்த மனிதரைப் பற்றி எனக்கு ஏற்பட்ட ஆவல். எதற்காக இவர் இப்படி அலைகிறார்? முதல் நாள் கேட்டேன். வேலை முடிந்தால் பொழுது போகவில்லை என்றார். மறுநாள் கேட்டேன். நடந்தால் சர்க்கரை குறையும் என்று டாக்டர் சொன்னாராம். அன்றைக்குத்தான் காதர் பாய் கடையில் இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணீர் குடித்திருந்தார், நானே பார்த்தேன்.

இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. ரோஸ்லின் பெயரை அவர் எடுக்கவே இல்லை. கேட்டால் மறுக்க நான் தயாராக நாலு பதில் வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை வரவில்லை.

ஏழு கதவு தட்டினோம். பூசையில் எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் பாடும் ஒருவர், வீட்டிலேயே நாங்கள் இங்கிலீஷ்தான் பேசுகிறோம் என்று தமிழில் சொல்லிக் கதவைச் சாத்தினார். இன்னொரு வீட்டில் ஒரு பெண் ஓடிப்போய் அடையாள அட்டையையே எடுத்து வந்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள். மலாய் தெரிந்தால் வேலைக்கு ஆகும் என்று ஒரு தகப்பன் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை என்று முத்தையா அடுத்த படியில் இறங்கும்போது என்னிடம் சொன்னார். வாதாடமாட்டார். தமிழ் வகுப்பு ஒன்று வரக்கூடும், உங்கள் பிள்ளை மட்டும் இல்லை, இன்னும் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பட்டியலைக் காட்டுவார், அவ்வளவுதான். ஏழில் நாலு கிடைத்தது. பதின்மூன்று.

வியாழக்கிழமை சாயங்காலம் எட்டாவது கதவு. காதர் பாய் வீடு. அவருடைய மருமகள் நூர்ஜஹான் கதவைத் திறந்தாள். நாகூர்ப் பெண், கெட்டிக்காரி, என்னைவிட ஐந்து வயது இளையவள். அவளுடைய சின்ன மகனும் ஜனவரியில் முதல் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் பெயரைப் பார்த்ததும் யாரும் கேட்காமலே மலாய் வகுப்பில் போட்டுவிட்டார்கள், அவளும் பேசாமல் விட்டுவிட்டாள்.

முத்தையா சொல்ல வேண்டியதை நான்தான் சொன்னேன். ஒரு வாரப் பழக்கத்தில் எனக்கு நன்றாகவே பேச வந்திருந்தது. வீட்டுப் பேச்சு தமிழ், கனவு தமிழ், கணக்குப் போட்டால் மனதுக்குள் தமிழ், எழுத்து மட்டும் வேண்டாமா என்றெல்லாம் கேட்டேன். நூர்ஜஹான் பட்டியலை வாங்கிப் பொறுமையாக மேலிருந்து கீழே படித்தாள். பிறகு மறுபடியும் படித்தாள்.

“ஸ்டெல்லாக்கா, உங்க ரோஸ் பேரு எத்தனாவது?”

எனக்கு வாயடைத்துப் போயிற்று. என் வாய் அடைத்தது என்றால் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

“நீங்க எழுதுங்க. அடுத்த வரியில நான் எழுதறேன்,” என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

செருப்பு போர்டு

நாலாவது மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கணக்கு எளிது. நான் எழுதினால் பதினைந்து. எழுதாவிட்டால் பதின்மூன்று, பதின்மூன்று வீட்டுக்கும் இல்லை. கையெழுத்துப் போட அடையாள அட்டையோடு ஓடிவந்த அந்தப் பெண்ணின் முகம் கண்முன் நின்றது.

முத்தையா இரண்டு படி கீழே நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதும் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஊரெல்லாம் கேட்கிறீர்கள், என்னிடம் மட்டும் ஏன் கேட்கவில்லை, நான் என்ன கடித்தா விடுவேன் என்று சத்தம் போட்டேன். படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது.

அவர் திரும்பிப் பார்க்காமலே பேசினார். அவருக்கு வளர்மதி என்று ஒரே மகள், அப்போது பதினாலு வயது. முதல் வகுப்பில் சேர்க்கப் போனபோது தமிழ் எடுக்க வேறு யாரும் இல்லை என்றார்கள். சரி என்று மலாய் எழுதிக் கொடுத்துவிட்டார். மகள் நன்றாகத்தான் படித்தாள். மலாயில் முதல் மார்க். ஒன்றும் குறையில்லை.

போன தைப்பூசத்தன்று டேங்க் ரோடு கோயிலில் கூட்டம். வாசலில் ஒரு போர்டு. மகள் நின்று அண்ணாந்து பார்த்தாளாம். அப்பா, அதுல என்ன எழுதியிருக்கு என்று கேட்டாளாம்.

“செருப்பை இங்கே விடவும். அவ்வளவுதாம்மா. ஒரு செருப்பு போர்டு. வளர்மதின்னு பேரு வச்ச பிள்ளைக்கு அதை நான் படிச்சுச் சொன்னேன்.”

நோட்டை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“நானே எழுதிக் கொடுத்தவன். உங்ககிட்ட எந்த வாயால கேக்குறது?”

நேர்காணலில் கேட்ட சிரிப்பு என் காதில் இருபது வருஷமாக இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், நான் அழுதது தமிழ் தெரிந்ததற்காக இல்லை, ஆங்கிலம் தெரியாததற்காக. ரோஸ்லினுக்கு ஆங்கிலம் எப்படியும் வரத்தான் போகிறது, பள்ளிக்கூடமே அதில்தான். யாரோ சிரித்ததற்கு நான் தமிழைப் போய்த் தண்டித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சின்ன விஷயம் எனக்குப் புரிய ஒரு படிக்கட்டு வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் போய்ப் பிரான்சிஸிடம் சொன்னேன். சண்டை வரும் என்றுதான் போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, “நீ தமிழ்ல திட்டினாத்தான் அவளுக்கு உறைக்குது. படிக்கட்டும்,” என்றார்.

பதினாலாவது வரியில் எழுதினேன். மறுபடியும் நாலாவது மாடிக்குப் போனேன். நூர்ஜஹான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள். கள்ளி, நான் வருவேன் என்று தெரிந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை நானும் முத்தையாவும் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பட்டியலோடு போனோம். பிரின்சிபல் அம்மாள் தன் பதிவேட்டை வைத்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தார். மூன்று பெயரை யூரேஷியன் என்றும் இரண்டை மலாய் என்றும் தானும் நினைத்திருந்ததாகச் சொல்லிச் சிரித்தார். முத்தையாவும் சிரித்தார். அந்த ஒரு விஷயத்தில் அவருக்குத் துணை கிடைத்துவிட்டது.

ஜனவரியில் வகுப்பு தொடங்கியது. தனி அறை இல்லை. நூலகத்து மூலையில், பழுதான மின்விசிறிக்குக் கீழே. நூலகம் என்பதால் சத்தம் போட்டுப் படிக்கக்கூடாது. பதினைந்து பிள்ளைகளும் அ, ஆ என்பதைக் கிசுகிசுப்பாகக் கற்றுக்கொண்டார்கள். ரோஸ்லின் வெகு நாள் வரை தமிழை ரகசியம் பேசுகிற குரலில்தான் வாசிப்பாள்.

கிராஞ்சியில் ஒரு பிள்ளை

அதோடு முடிந்திருந்தால் அவர் முத்தையா இல்லை. அடுத்த வருஷம் வேறு பள்ளிக்கூடம், அதற்கடுத்த வருஷம் வேறு வட்டாரம். விண்ணப்பங்களை நான் ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தில் டைப் அடித்துக் கொடுப்பேன். சில பள்ளிகளில் கிடைத்தது, பல இடங்களில் கிடைக்கவில்லை. கிடைக்காத இடத்துக்கு மறு வருஷமும் போவார். நோட்டில் மாவிலை டிக் போடுவதை விட்டுவிட்டார். சந்தேகம் வந்தால் தட்டிக் கேட்டுவிடுவது என்று முடிவு. அதனால் எத்தனையோ சீன வீடுகளில் போய் அசடு வழிந்திருக்கிறார்.

ஒருமுறை கிராஞ்சியில் செடிப் பண்ணையில் வேலை செய்கிற தமிழ்க் குடும்பத்தில் பள்ளிக்குப் போகாத பிள்ளை இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, பஸ் எப்போது வரும் என்று பஸ்ஸுக்கே தெரியாத இடம். இறங்கி ஒரு மணி நேரம் வெயிலில் நடந்து போயிருக்கிறார். பிள்ளைக்கு வயது இரண்டு. அம்மா இடுப்பில் உட்கார்ந்துகொண்டு இவரைப் பார்த்துச் சிரித்ததாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் நோட்டில் பெயரை எழுதி, பக்கத்தில் ‘இன்னும் நாலு வருஷம்’ என்று குறித்து வைத்திருந்தார். நாலு வருஷம் கழித்து மறுபடியும் போகவும் செய்தார்.

வெள்ளை ரிப்பன்

ரோஸ்லினுக்குப் பதினைந்து வயது நடந்தபோது அவர் இறந்துபோனார். ஓய்வு பெற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. சர்க்கரைதான். டாக்டர் விஷயத்தில் மட்டும் உண்மை சொல்லியிருக்கிறார் மனுஷர்.

செய்தி காதர் பாய் கடைக்குத்தான் முதலில் வந்தது. நூர்ஜஹான் ஏழாவது மாடி ஏறி வந்து சொன்னாள். நாங்கள் இருவரும் ரோஸ்லினைக் கூட்டிக்கொண்டு பூக்கடைக்குப் போய் ஒரு மலர்வளையம் வாங்கினோம். கடைக்காரச் சீனர் ரிப்பனில் சீனத்திலும் ஆங்கிலத்திலும் எழுதித் தருவார். தமிழா, தெரியாது லா என்று கையை விரித்துவிட்டார். வெள்ளை ரிப்பனை வெறுமனே கொடுத்தார்.

என்ன எழுதுவது என்று நானும் நூர்ஜஹானும் பஸ் நிறுத்தத்தில் நின்று சர்ச்சை செய்தோம். ஆழ்ந்த அனுதாபம் என்றாள் அவள். கண்ணீர் அஞ்சலி என்றேன் நான். ரோஸ்லின் ஒன்றும் சொல்லாமல் பள்ளிப் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து, ரிப்பனைத் தன் முழங்காலில் விரித்து வைத்து எழுதிவிட்டாள். படித்துப் பார்த்தோம். அதையே வளையத்தில் கட்டினோம்.

அவரை அவர் புளோக்கின் கீழ்த்தளத்தில் கிடத்தியிருந்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் தாங்கவில்லை. யார் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறாரோ என்று தோன்றி, தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன்.

வளர்மதி பெட்டியின் தலைமாட்டில் நின்றாள். அப்போது பேங்கில் வேலை பார்த்தாள், கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நாங்கள் வளையத்தை வைத்தோம். அவள் குனிந்து ரிப்பனைப் பார்த்தாள். அந்த எழுத்துகள் மேல் அவள் கண் நிற்காமல் ஓடியது. எனக்குச் சட்டென்று புரிந்தது. கோயில் வாசலில் அந்தச் செருப்பு போர்டை அவள் அண்ணாந்து பார்த்ததை நான் பார்க்கவில்லை, இப்படித்தான் பார்த்திருப்பாள்.

“ரோஸ், இதுல என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டாள்.

ரோஸ்லின் அவள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து, நூலகத்தில் படித்த அதே கிசுகிசுப்பில் வாசித்தாள்.

“எங்கள் கதவைத் தட்டியவருக்கு, பதினைந்து வீட்டுப் பிள்ளைகள்.”

வளர்மதி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். இந்தத் தடவை தன் விரலையும் ரிப்பனில் வைத்துக்கொண்டாள். பெட்டியை எடுக்க ஆட்கள் வந்து நின்றார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று நான் அவர்களைத் தடுத்தேன்.